கோடியில் மிஞ்சும் ஒன்று

கல்யாணமான மறு வருஷமே கணவர் இறந்துபோனார். இருபத்துமூன்று வயதில் திருவண்ணாமலைக்கு, அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தேன். எழுபதுகளின் நடுவில் அது. பி.யு.சி. முடித்திருந்தேன், கணக்கு நன்றாக வரும். டீச்சர் ட்ரெயினிங் சேர்கிறேன் என்று கேட்டேன். கடலை மண்டி வைத்திருந்த அப்பா மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"தாராளமா படி. முதல்ல நமசிவாயனு ஒரு கோடி எழுதி கோயில்ல வெச்சுட்டு வா. மனசு அடங்கும்" என்றார்.

மனசு என்ன மாடா, அடங்குவதற்கு? இருந்தாலும் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு ஆயிரம் எழுதுவதற்குள் விரல் வீங்கிவிடும். அப்படியே எழுதினாலும் பத்தாயிரம் நாள், இருபத்தேழு வருஷத்துக்கு மேல். பாவம், கோடி எத்தனை பெரியது என்று தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். எடுத்துச் சொன்னால், சாமி காரியத்தில் கணக்குப் பார்க்கிறாள் என்பார்கள்.

கை எழுதும்போது புத்தி அந்த எண்ணையே உருட்டிக்கொண்டிருக்கும். ஏழு இரண்டுகளையும் ஏழு ஐந்துகளையும் பெருக்கினால் கோடி. வேறு எந்தப் பகா எண்ணுக்கும் அதற்குள் இடமில்லை. நூற்று இருபத்தெட்டால் மீதியில்லாமல் வகுபடும். அற்ப மூன்றால் வகுபடாது. ஒன்றுக்குப் பின்னால் எத்தனை சைபர் போட்டாலும் சரி, மூன்றால் வகுத்தால் ஒன்று மிஞ்சியே தீரும்.

மூன்றால் ஏன் வகுத்தேன் என்றால், அம்மாவும் தங்கையும் ஆளுக்கொரு பங்கு எழுதுகிறோம் என்றார்கள். அப்படியும் ஒன்பது வருஷம் ஆகும். பரவாயில்லை, முப்பத்திரண்டு வயதில் படித்துக்கொள்ளலாம் என்று அற்ப சந்தோஷம். ஆளுக்கு முப்பத்துமூன்று லட்சத்து முப்பத்துமூவாயிரத்து முந்நூற்று முப்பத்துமூன்று, போக ஒன்று மீதி என்றேன்.

"அந்த ஒண்ணையும் நானே எழுதிடறேன்டி" என்றாள் அம்மா.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த அப்பாவிடம் பங்கு விஷயத்தைச் சொன்னேன். "அதெல்லாம் ஆகாது. ஒரே கையாலதான் எழுதணும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, ஒரு கோடி முடிய இருபத்தேழு வருஷம் ஆகுங்க. எனக்கு அம்பது வயசாயிடும்."

சாதத்தைப் பிசைந்தபடியே சொன்னார்: "மண்டிக்காரனுக்கு இது தெரியாதா? லட்சம்னு சொல்லியிருந்தா நூறு நாள்ல முடிச்சுட்டு வந்து நிப்ப."

அம்மா ரசம் ஊற்றினாள்.

அன்றோடு எழுதுவதை நிறுத்தினேன். எத்தனை ஆயிற்று என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. வெற்று நோட்டுகள் மட்டும் மாதம் தவறாமல் மண்டியிலிருந்து வந்துகொண்டே இருந்தன.