அண்ணாச்சி டீ குடிக்கப் போனபோது

நாலாம் வகுப்போடு நின்று, மூட்டை சுமந்து, பாவூர்சத்திரத்தில் சொந்தமாகக் காய்கறிக் கடை போட்டவன் நான். எவனிடமும் ஏமாறமாட்டேன். என்னையும் ஒருவர் திணறடித்தார்.

தனி ஒரு ஆள் ஆட்டிவைக்கும் நாடுகளுக்குப் போய், சிறையில் கிடப்பவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று விசாரித்து எழுதுவது அவர் தொழில். குற்றாலத்தில் குளித்த ஈரத்தலையோடு கடைக்கு வந்தார். யார் பேசினாலும், பேசுகிறவரை விட்டுப் பக்கத்தில் நிற்பவரையே பார்ப்பார்.

“ஆளுகளை எப்படி நடத்துறாங்கன்னு கேக்க பிளேன் ஏறணுமாவே? என் ஆளுகளைக் கேளும், குறை இருக்கான்னு” என்றேன்.

கேட்டார். மூட்டை தூக்கும் நால்வரும், “அண்ணாச்சி எங்களுக்குச் சாமி” என்றார்கள்.

“நான் போன ஒரு ஜெயில்லயும் இப்படித்தான் சொன்னாங்க. அதிகாரி பக்கத்துலயே நின்னாரு. நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி.”

“நான் என்ன ஜெயில் அதிகாரியாவே?” என்று சிரித்துக்கொண்டே போனேன்.

திரும்பி வந்தால், அவர் நோட்டில் இரண்டு பக்கம் நிறைந்திருந்தது.

“மூட்டை கனம் ஜாஸ்தி. ஒருத்தருக்கு முதுகு போயிடுச்சு. சொன்னா வேலை போயிடும்னு பயம்” என்றார்.

“எவன் சொன்னான்?”

“அதை மட்டும் சொல்லமாட்டேன்.”

அவ்வளவுதான், பஸ் ஏறிவிட்டார்.

மறுநாளே மூட்டைக் கனத்தைக் குறைத்துவிட்டேன். ஆனால் சொன்னவன் எவன் என்று நால்வரையும் தனித்தனியாக விசாரித்துப் பார்க்கிறேன், ஒருவனும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.