டிஸ்கஸ் தொட்டிக்கு வந்த சீர்

தார்நாகா தண்டபாணி தம் மகளுக்கு வரன் பார்க்க மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். தம் டிஸ்கஸ் மீன்களுக்குக் கூட்டாளி பார்க்க இரண்டு வருடம். இதில் வியக்க ஒன்றுமில்லை. மகள் குறையிருந்தால் வாய்விட்டுச் சொல்லுவாள், மீன் சொல்லாது.

லாலாகூடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்து, ஓர் ஆய்வுக்கூடத்தின் ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவர். யாரிடமும் எதற்கும் முடியாது என்று சொல்லி அறியாதவர். தார்நாகா காலனியில் வேறு யாரும் ஏற்க மறுத்த பதவிகள் அனைத்தும் அவரிடம் இருந்தன.

தொட்டி விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. நாணய அளவில் வாங்கிய டிஸ்கஸ்கள் இப்போது பூரி அகலத்துக்கு வளர்ந்து, ஜமீன் வாரிசுகளைப் போல உலாவின. சத்தம் ஆகாது, அவசரம் ஆகாது, தண்ணீர் எந்நேரமும் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். அவற்றோடு குடியேறத் தகுதியுள்ளவர் யாரென்று விசாரணை நடந்தது. தங்கமீன் குளிர்ந்த தண்ணீர் கேட்கும்; தள்ளுபடி. டைகர் பார்ப் அடுத்தவர் துடுப்பைக் கடிக்கும், தள்ளுபடி. ஏஞ்சல் மீன் டிஸ்கஸுக்குத் தூரத்து உறவு. சாப்பாட்டில் முந்தும், சீக்கும் கொண்டுவரும். உறவு என்பதாலேயே அதன்மேல் கூடுதல் சந்தேகம். கடைசியில் சாதுவான டெட்ராக் கூட்டமும், தரையைக் கிளறிக்கொண்டு தலைநிமிராமல் வாழும் சில கோரி மீன்களும் தேறின. அவையும் தனித் தொட்டியில் காவலில் இருந்து, நோயில்லை என்று நிரூபித்த பிறகே உள்ளே வந்தன.

ஞாயிற்றுக்கிழமை சைனிக்புரியிலிருந்து மாப்பிள்ளையும் அவன் வீட்டாரும் நிச்சயதார்த்தத் தேதி குறிக்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தந்தை ஜெயச்சந்திரன், ஓய்வுபெற்ற சுபேதார் மேஜர். பழம், பூ எல்லாம் தட்டில் இருந்தன. அவர் கையில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் கறுப்பாக, விரல் நீளத்தில் ஒரு சக்கர் மீன்.

"வெறுங்கையோட வரலாமா சம்பந்தி? தொட்டி வெச்சிருக்கீங்கன்னு பையன் சொன்னான். இது கண்ணாடியெல்லாம் நக்கித் தொடச்சிடும்!"

"உயிரோட சீரு!" என்று தண்டபாணியின் மனைவி சுமலதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தண்டபாணிக்கு வியர்த்தது. அந்த ஜாதி கண்ணாடியோடு நிற்காது என்பது அவருக்குத் தெரியும். விளக்கணைந்ததும் டிஸ்கஸின் அகன்ற விலாவில் ஒட்டிக்கொண்டு, தோல்மேல் உள்ள வழுவழுப்பை உறிஞ்சும், புண்ணாகும். உள்ளே போய் மரக்கட்டைக்கு அடியில் பதுங்கிவிட்டால், தொட்டியையே காலிசெய்தாலொழிய வெளியே வராது.

"மொதல்ல பையோட மிதக்க விடணும். சூடு சமமானதும் தொறந்து விடணும். கடைக்காரன் சொன்னான்," என்று சுபேதார் தாமே பையைத் தொட்டியில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பேச்சு தொடங்கியது. டிஸ்கஸ்கள் மூலையில் ஒண்டிக் கறுத்தன. தண்டபாணியும்தான்.

"சம்பந்தி, மண்டபம் எங்க பாக்கலாம்?"

"அடியில ஒளிஞ்சிக்கும் சார்."

"என்னது?"

"அவருக்குச் சந்தோஷத்துல பேச்சு வரல," என்று சுமலதா கணவரின் தொடையைக் கிள்ளினாள். மகள் அனுபமா கதவோரம் நின்றபடி, "பப்பா, ஏதாவது சொல்லேன்," என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

"சூடு சமமாயிருக்கும்," என்று சுபேதார் எழுந்தார். முடிச்சு அவிழ்ந்தது. பையின் வாய் தண்ணீரை நோக்கிச் சரிந்தது.

"நக்கோ சாப்! நக்கோ! வேணாம்!"

லாலாகூடா ரயில்வே பணிமனைச் சங்குக்கு நிகரான குரலோடு தண்டபாணி பையின் வாயை எட்டிப் பிடித்தார். சுபேதார் அந்த நிலையிலேயே விறைத்தார். சம்பந்தியைப் பார்த்து இப்படிக் கத்தியவர் அந்தக் காலனியில் இதுவரை யாருமில்லை. சுமலதா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளைதான் வாயைத் திறந்தான். "கைக்கு அங்கிள்? ஏன் வேணாம்?"

தண்டபாணி சொன்னார். விலா, வழுவழுப்பு, புண், மரக்கட்டை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை கை பையின் வாயை விடவில்லை.

சுபேதார் வெகுநேரம் டிஸ்கஸ்களைப் பார்த்தார். பிறகு பையிலிருந்த மீனைப் பார்த்தார். "ஒட்டி உறிஞ்சற பய," என்று தீர்ப்பளித்து, முடிச்சை மறுபடி இறுக்கினார். "பொண்ணு வீட்டுக்காரர் ஒரு மீனைப் பத்தியே இவ்வளவு விசாரிக்கிறவர்னா, எங்களையும் விசாரிச்சிருப்பாரே! என்ன சொன்னாங்க?"

"நல்லபடியாத்தான் சார் சொன்னாங்க."

"இல்லேன்னா கத்தியிருப்பாரு," என்றாள் அனுபமா.

தேதி குறித்து முடியும்வரை சுபேதார் ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காப்பி குடித்தார். பையைக் கீழே வைக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. சீர் அவர் மடியிலேயே இருந்தது.