மோட்டாரை நினைக்கக் கூடாது

வேலைக்குச் சேர்ந்த அன்று, டயபர் எங்கே இருக்கிறது, மாத்திரை எத்தனை மணிக்கு என்று சொல்வதற்கு முன்னால், அந்த வீட்டு மாமி என்னை ஹாலில் நிறுத்தி, அவருடைய மாமனார் காதில் விழக் கூடாதவை எவை என்று சொன்னார். பேரன் பேச்சு கூடாது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் கூடாது. டிவி கூடாது. முக்கியமாக, அந்த அடுக்குமாடிக் கட்டிடத்துச் சங்கத்தின் விவகாரம் எதுவும் கூடாது.

"கடைசி நேரத்துல மனசு எதுல நிக்கறதோ, ஜீவன் அதையே பிடிச்சுண்டு மறுபடியும் பொறக்கும். இவர் பகவானை நெனச்சுண்டு போகணும். புரியறதோன்னோ?"

தலையாட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டித்தான் எனக்குப் பழக்கம். பத்தாவது வரை படித்தேன். பதில் தெரிந்தாலும் டீச்சர் கேட்கும்போது குனிந்துகொள்வேன். ஏஜென்சியில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பும்போது, "வாய் பேசாது, வேலை செய்யும்" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள்.

பெரியவருக்கு எண்பத்தாறு வயது. இடுப்பெலும்பு உடைந்து படுத்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் எட்டு வீடுகள் உள்ள பழைய கட்டிடம், முதல் மாடி. இருபத்திரண்டு வருடம் அவர்தான் அங்கே சங்கத்து செகரட்டரி. அவர் தலைமாட்டில், ப்ளக்கில் செருகிய சின்னப் பெட்டி ஒன்று ராத்திரி பகலாக "நாராயணா, நாராயணா" என்று பாடிக்கொண்டே இருந்தது. வேலை முடிந்து பஸ் ஏறி, பெரும்பாக்கத்தில் இறங்கின பிறகும் என் காதுக்குள் அது ஓயாது.

"உடம்பு வெறும் சட்டை. ஆத்மாதான் நிஜம்" என்று மாமி அடிக்கடி சொல்வார். இருக்கட்டும். அந்தச் சட்டையை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டு, முதுகில் புண் வராமல் துடைத்துப் பவுடர் போட்டவள் நான். சட்டைக்குள் இருந்தவர் என்ன கேட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அவர் கேட்டதெல்லாம் தண்ணீர் மோட்டார். அவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே மோட்டார் அறை. போடுகிற சத்தம் கேட்கும். தொட்டி நிறைந்து மொட்டை மாடியிலிருந்து சன்ஷேடில் தண்ணீர் கொட்டுகிற சத்தமும் கேட்கும். வாட்ச்மேன் செல்போனில் மூழ்கியிருப்பார்.

"தண்ணி வழியறது. யாராவது ஆஃப் பண்ணுங்கோளேன்" என்பார் பெரியவர்.

அவருடைய மகன், மாமியின் வீட்டுக்காரர், வாசற்படியில் நின்றபடி, "அப்பா, அதெல்லாம் இப்போ எதுக்கு? நாராயணான்னு சொல்லுங்கோ" என்பார்.

"நாராயணா. ஆஃப் பண்ணியாச்சா?"

மாமி தலையில் அடித்துக்கொள்வார். "மோட்டாரையே நெனச்சுண்டு போனா மோட்டாராத்தான் பொறக்கப் போறார். வழியறதாம், வழியறது!"

வழியத்தான் செய்தது. எனக்கு வயிறு எரியும். ஆற்றோரத்துக் குடிசையிலிருந்து எங்களைக் கவர்மெண்ட் தூக்கிக்கொண்டுபோய்ப் போட்ட பெரும்பாக்கத்தில், குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டுத்தான் நான் வேலைக்கு வருவேன். இங்கே தொட்டித் தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிறது. பக்கத்திலேயே நின்றுகொண்டு மூன்று பேர் அவருக்கு மோட்சம் வாங்கித் தருகிறோம்.

மூன்றாவது மாதம் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். மோட்டார் ஓடும், தண்ணீர் கொட்டும், அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பாத்தியா, பற்று விட்டுண்டே வரது" என்று மாமி கண் கலங்கினார்.

அதற்கப்புறம் பெரியவர் சாப்பிடுவதையும் நிறுத்தினார். கஞ்சியை ஸ்பூனில் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினார். நாலு நாள் இப்படி. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம், இல்லையென்றால் மூக்கு வழியாக ட்யூப் போட்டுவிடலாம் என்றார். ட்யூப் போட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிடுங்கிப் பிடுங்கிப் போடுவார்கள். கடைசியில் கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். கட்டுகிற வேலையும் எனக்குத்தான் வரும்.

வியாழக்கிழமை மத்தியானம் மாமி அடையாறுக்கு வேதாந்த வகுப்புக்குப் போயிருந்தார். சார் ஆபீஸில். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. பெட்டி பாடிக்கொண்டிருந்தது. ஆறிப்போன கஞ்சிக் கிண்ணத்தோடு நான் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஆனால் தூங்கவில்லை. விரல் மட்டும் போர்வையின் மேல் அசைந்தது, எதையோ அமுக்குகிற மாதிரி.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நான் போய் ஆஃப் பண்ணிட்டு வரட்டா?" என்றேன்.

கண் திறந்தது. "செவப்பு பட்டன். பச்சையைத் தொட்டுடாதே."

கீழே ஓடினேன். வாட்ச்மேன் செல்போனிலிருந்து நிமிர்ந்தார். "இன்னாக்கா, நீ எங்க இங்க? புது செகரட்டரியா?"

"மேல வழிஞ்சிகினு கீது, தெரில? காது அடைஞ்சிபோச்சா உனுக்கு?"

அப்படிப் பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். சிவப்பு பட்டனை அமுக்கிவிட்டு மேலே வந்து சொன்னேன். எவ்வளவு நேரம் ஓடியது, வால்வு பக்கத்தில் கசிகிறதா, வாட்ச்மேன் தூங்கினானா என்று கேட்டார். சொல்லச் சொல்ல வாய் திறந்தது. அரைக் கிண்ணம் கஞ்சி உள்ளே போனது.

மாமி வந்து கிண்ணத்தைப் பார்த்தார். கை கூப்பிக்கொண்டார். "பகவான் நாம மகிமைடி! வேற என்ன?"

இதற்கும் தலையாட்டியிருக்கலாம். ஆனால் தலையாட்டினால் மறுநாளும் அந்தப் பெட்டிதான் சோறு ஊட்டும், ட்யூப்தான் வரும். "இல்ல மாமி. மோட்டாரு" என்றேன். நடந்ததைச் சொன்னேன்.

மாமியின் முகம் சிவந்துவிட்டது. "மூணு மாசமா ஒவ்வொண்ணா விடுவிச்சு வெச்சிருந்தேன். ஒரே நாள்ல எல்லாத்தையும் கொண்டுவந்து கட்டிட்டியே!"

"பட்டினியா போனா மட்டும் சாமியையா மாமி நெனப்பாரு? சோத்தத்தான் நெனப்பாரு."

மாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபமா அழுகையா என்று தெரியாத குரலில் சொன்னார்: "எங்கப்பா காம்பவுண்டு சுவத்துக்காக அவர் அண்ணாவோட சண்டை போட்டுண்டே இருந்தார். 'சுவரு, சுவரு'ன்னு சொல்லிண்டே போனார். இன்னிக்கும் எந்தச் சுவத்துல பல்லியைப் பாத்தாலும் எனக்கு திக்குங்கறது. இவராவது தப்பிக்கட்டும்னுதானே!"

பல்லியில் அவர் அப்பாவைத்தான் பார்க்கிறார் என்று புரிந்தது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். நாளைக்கு ஏஜென்சியில் வேறு ஆள் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் கழுவினேன்.

வேறு ஆள் கேட்கவில்லை. மறுநாள் காலை நான் போனபோது மாமியே கட்டிலோரம் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார். ட்யூப் போடும் ஆள் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது. "நாராயணா சொல்லுங்கோ அப்பா, ஒரு வாய்" என்று கெஞ்சினார். பெரியவர் சுவர்ப்பக்கம். மாமி என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு யாரையோ திட்டுகிற குரலில், "மொட்டை மாடித் தொட்டி மூடி காத்துல பறந்துடுத்தாம்" என்றார்.

முகம் திரும்பியது. "எந்தத் தொட்டி? கிழக்கா, மேற்கா?"

திறந்த வாயில் மாமி ஸ்பூனை வைத்துவிட்டார். "நாராயணா சொல்லிண்டே முழுங்குங்கோ."

"நாராயணா. கிழக்கா?"

இன்னொரு ஸ்பூன். ஹாலில் சார் யாருக்கோ போன் செய்து, இன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்வது கேட்டது.

மூடியெல்லாம் எங்கும் பறக்கவில்லை, மாமி அந்த நிமிஷத்தில் சொன்ன பொய் அது. அது மாமி, சார், நான் மூன்று பேருக்குமே தெரியும். ஆனாலும் பெரியவருக்குப் பதில் கொண்டுவர மாடிப்படி ஏறி, கிழக்கா மேற்கா என்று பார்த்துவர என்னைத்தான் அனுப்பினார்கள்.