காருக்கு வைத்த பொட்டு

லண்டனுக்கு வந்த புதிதில் பல வேலை செய்தேன். மனசுக்குப் பிடித்தது கார் தேய்க்கிற வேலைதான். எண்பதுகளின் கடைசி அது. ஃபாரஸ்ட் கேட் என்கிற இடத்தில் ரயில் பாதைக்குக் கீழே, அதைத் தாங்குகிற ஒரு செங்கல் வளைவுக்குள் கராஜ். உலக யுத்தம் முடிந்த பிறகு அமெரிக்காவில் செய்த நீள நீளமான கார்களை வாங்கி, தங்கள் ஆசைக்கு மாற்றிக் கட்டுகிற வெள்ளைக்காரர்கள் அங்கே வருவார்கள். கூரையை வெட்டி உயரத்தைக் குறைப்பார்கள். கதவுக் கைபிடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தை மூடுவார்கள். மூடின இடத்தைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு, விரலுக்கு ஒன்றும் தட்டுப்படாத அளவுக்குத் தேய்ப்பது என் வேலை. அதற்கு அதிகம் படித்திருக்கத் தேவையில்லை. கைக்குப் பொறுமை இருந்தால் போதும்.

அந்தப் பனிக்காலம் முழுக்க ஒரு பஸ் சாரதியின் காரோடுதான் இருந்தேன். ஐம்பது வயது தாண்டின மனிசன். சனிக்கிழமைகளில் வந்து பெயின்ற் வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருப்பார். மனைவி ஆஸ்பத்திரியில். கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவவுக்கு இப்படி ஒரு காரைக் காட்டுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். "அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாறது இதிலதான்" என்பார்.

காரின் பொனட் முனையில் சிறகு விரித்த ஒரு வெள்ளிப் பறவை நின்றது. முன்பக்கம் வழுவழுவென்று இருப்பதுதான் அழகு என்று அதைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். பறவை நின்ற இரண்டு துளையையும் அடைத்து நாலு நாள் தேய்த்தேன். பறவையை எறிய மனம் வரவில்லை. துணியில் சுற்றி, கராஜில் இருந்த என் அலுமாரியில் வைத்தேன்.

பாலாடை நிறத்தில் பெயின்ற் அடித்தோம். ரயில் போகும்போது மேலேயிருந்து தூசி விழும் என்று, ஒரு ரயிலுக்கும் மற்ற ரயிலுக்கும் இடையில் அடிக்க வேண்டியிருந்தது. முதலாளி எச்சரித்தார்: "ஒரு மாசத்துக்கு விரல்கூடப் படக்கூடாது. மேலதான் காய்ஞ்சிருக்கு. உள்ளுக்கு இன்னும் பச்சை."

ஆனால் ஒரு மாசம் பொறுக்க முடியவில்லை. அடுத்த கிழமையே, சனிக்கிழமை காலை மனைவியை விடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை விடிய, வேலைக்கு முதல் மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனேன். அவவின் பெயரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. "சாமி பேருக்கே செய்யுங்கோ ஐயா" என்று அர்ச்சனை செய்வித்தேன். பிரசாதமாகத் தந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் கொண்டுவந்து, பறவை நின்ற இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். எனக்கு அது காரின் நெற்றி மாதிரி இருந்தது. விரல் படக்கூடாது என்று தெரியும். பொட்டு வைப்பதும் தொடுகிறதுதான் என்று அந்த நேரம் தோன்றவில்லை.

பத்து மணிபோல் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. துடைத்தேன். கீழே சிவப்பு, பெருவிரல் நகமளவு. மெழுகு போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. உள்ளே காயாத பெயின்றுக்குள் இறங்கிவிட்டது.

சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனவன் சோற்றுக் கோப்பையைத் தொடாமல் இருந்தேன். மனைவி கேட்டாள், சொன்னேன்.

"ஐயர் வைச்சால் பூசை, நீங்கள் வைச்சால் கறையோ?" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "போய்ச் சொல்லுங்கோ. ஒளிச்சியள் எண்டால் முருகனுக்கும் சேர்த்து அவப்பெயர்."

திரும்பிப் போய் முதலாளிக்குக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "திரும்ப அடிக்க நாலு நாள் வேணும். நாளைக்குக் காலமை கார் வேணும். அந்தாளுக்கு நீரே சொல்லும்."

பின்னேரம் சாரதி ஷிப்ட் முடிந்து பஸ் உடுப்போடே வந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். "வாகனம் வெளிக்கிட முதல் எங்கட ஆக்கள் கும்பிட்டுப் பொட்டு வைக்கிறது. உங்கட மனிசி சுகமாய் வந்து சேரவேணும் எண்டு வைச்சனான். பேர் தெரியாது, அதால சாமி பேருக்கே கும்பிட்டனான். உங்கட காரைப் பழுதாக்கிப்போட்டன்."

அவர் கிட்ட வந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார்.

"அவளுக்காகவோ?"

"ஓம்."

அலுமாரியைத் திறந்து பறவையைக் கொண்டுவந்து கொடுத்தேன். "இதைத் திரும்ப வைச்சால் மறையும்" என்றேன். அவர் துணியை விரித்தார். "இதை எறிஞ்சிருப்பியள் எண்டெல்லோ நினைச்சன்" என்றவர், முதலாளியைப் பார்த்துத் தலையாட்டினார்.

முதலாளி துளைக்கிற மெஷினை என் கையில் தந்தார். "நாலு நாள் தேய்ச்ச இடம். உம்மட கையாலயே துளையும்."

துளைத்தேன். என் பல்லில் துளைத்தது போல இருந்தது. பறவையை வைக்க முதல் அந்தச் சிவப்பையாவது சுரண்டி எடுப்போம் என்று போனேன். சாரதி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அது இருக்கட்டும்."

பறவையை அதன்மேல் வைத்துப் பூட்டினேன்.

இரண்டு கிழமை கழித்துக் கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. மெலிந்த ஒரு அம்மா, தலையில் ஸ்கார்ஃப், கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினா. நேரே முன்பக்கம் போய்ப் பறவையைத் தடவினா.

"இதுக்குக் கீழயோ?"

"ஓம் அம்மா."

கைப்பையைத் திறந்து, ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஏதோ எழுதி என்னிடம் தந்தா. அவவின் பெயர்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த டிக்கெட்டை ஐயரிடம் நீட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தார். பிறகு நட்சத்திரம் என்ன என்று கேட்டார்.

"அது அவவுக்கும் தெரியாது ஐயா" என்றேன்.

சரி என்று உள்ளே போனார். மந்திரத்துக்கு நடுவில் அந்த இங்கிலீசுப் பெயர் வந்த இடத்தில் கொஞ்சம் தடக்கினார். பிறகு இன்னொருமுறை, நிறுத்திச் சரியாகச் சொன்னார்.