மேல் டப்பா

காசிமேட்டில் பதினெட்டு வருஷம் விசைப்படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொட்டியவன் மாசானம். முதுகு பேஜார் பண்ண ஆரம்பித்ததும் ராயபுரத்தில் இறால் ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றின் குளிர் அறைக்கு வேலைக்கு வந்தான். ஐஸைப் பற்றி தனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்பது அவன் நினைப்பு. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மே மாதம் அந்த நினைப்புதான் அவனைக் கவிழ்த்தது.

ஜெயஸ்ரீ மேடம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். அங்கே ஃப்ரீஸர் படுத்துவிட்டதால், மேனேஜர் மஜீது பாயிடம் கெஞ்சி, ஒரு தெர்மாகோல் பெட்டியை இங்கே இரண்டு நாள் வைத்தார். உள்ளே விண்வெளிக்குப் போய்வந்த எலிகளின் தசை. இருந்ததே சில எலிகள்தானாம். ஒருத்தருக்கு எலும்பு, ஒருத்தருக்குக் கண், ஒருத்தருக்கு ஈரல் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் பிரித்துக்கொண்டதில் இது அவர் பங்கு.

"நம்ம மீன் கூறு போடறா மாதிரி" என்றான் மாசானம்.

"அதேதான்" என்று சிரித்துவிட்டுப் போனார். பெட்டியைத் திறக்கக் கூடாது என்பதை மஜீது பாயிடம் சொல்லியிருந்தார். பாய் அதை மாசானத்திடம் சொல்ல மறந்துபோனார்.

மறுநாள் பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. இறாலுக்கெல்லாம் ஐஸ் அள்ளிப் போட்ட மாசானம், மேடம் பெட்டியையும் திறந்தான். ஐஸ் பாதியைக் காணோம். ஆனால் அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. புகை வேறு. தொட்டான், விரல் சுட்டது. ஐஸ் எங்கேயாவது சுடுமா? இது கெட்டுப்போன ஐஸ் என்று முடிவுகட்டினான். உள்ளே இரண்டு டப்பாக்கள். கீழ் டப்பா அந்தப் புகை ஐஸுக்குள் புதைந்திருந்ததால் விட்டுவிட்டான். மேல் டப்பாவை மட்டும் எடுத்து, நல்ல தூள் ஐஸ் நிரம்பிய இறால் கூடையில் பத்திரமாக வைத்தான்.

ஒரு மணி நேரம் கழித்து மஜீது பாய் போன் செய்தார்.

"நாலு மணிக்கு மேடம் வராங்கோ. அந்தப் பெட்டிய தொறந்துடாதே, உள்ள இருக்கறது ட்ரை ஐஸாம். சாதா ஐஸ்ல வெச்சா சரக்கு இளகிப் பூடுமாம். இளகிச்சுன்னா எதுக்குமே ஆவாதாம்."

மாசானம் போனை வைத்தான். ஓடிப்போய் டப்பாவைத் திறந்தான். சுண்டுவிரல் அளவுக் குப்பிகள். ஒன்றை ஆட்டிப் பார்த்தான், உள்ளே தசைத்துண்டு அசைந்தது. ஈரத்தைத் துடைத்து, பெட்டிக்குள் திரும்ப வைத்து, பழைய தடத்திலேயே டேப்பை ஒட்டினான்.

இரண்டு மணிக்குத் திறந்து பார்த்தால் எல்லாம் கல்லாக உறைந்திருந்தது. நடந்ததை இனி யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவனை ரொம்பவும் பயமுறுத்தியது. சொன்னால் வேலை போகும், மகள் நீலாவின் படிப்பு நிற்கும். சொல்லாவிட்டால்? அவன் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மீனைக் கூறு கட்டுகிறவன், கெட்டது ஒன்று உள்ளே விழுந்திருந்தால், மற்றவர்கள் எடுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். மறைத்தவன் கையால் அப்புறம் யாரும் கூறு வாங்குவதில்லை. மாசானமே ஒருத்தனை அப்படி ஒதுக்கியிருக்கிறான்.

நாலு மணிக்கு ஜெயஸ்ரீ வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். "அப்பாடா, நல்லா இருக்கு" என்றார். பெட்டியை மாசானமே ஆட்டோவில் ஏற்றினான். டிரைவர் இரண்டு தடவை லீவரை இழுத்தும் ஆட்டோ கிளம்பவில்லை. மூன்றாவது தடவைக்கு அவர் குனிந்தபோது மாசானம் ஆட்டோக் கம்பியைப் பிடித்தான்.

"மேடம், மேல் டப்பா கெட்டுப்பூச்சு. நான்தான் சாதா ஐஸ்ல வெச்சேன், ஒரு மணி நேரம். உள்ள ஆடுச்சு, பாத்தேன்."

ஜெயஸ்ரீயின் முகம் வெளுத்தது. "கீழ் டப்பா?"

"அத்தத் தொடல. கை சுட்டுச்சு, வுட்டுட்டேன்."

மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய பங்கில் பாதி போய்விட்டது. அவர் கண் கலங்கியது. மேல் டப்பாவை மடியில் வைத்து, பேனாவால் அதன் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"நீங்க சொல்லலைன்னா, உங்க ஐஸ் பண்ணினதை விண்வெளி பண்ணிடுச்சுன்னு எழுதியிருப்பேன். என்னை நம்பி மத்தவங்களும் எழுதியிருப்பாங்க."

"என்னை வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்களா மேடம்?"

"மஜீது பாய்கிட்ட நான் பேசறேன்."

ஆட்டோ போய்விட்டது. வெயிலில் நின்ற மாசானத்துக்கு இப்போதுதான் பயம் பிடித்தது. வேலையை நினைத்து அல்ல. முதல் இழுப்பிலேயே ஆட்டோ கிளம்பியிருந்தால் அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான். அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.