பெத்துராஜ் எண்ணாமல் விட்ட ஜீப்புகள்

போடி ஜீப் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த பெத்துராஜுக்கு ஒரு வியாதி உண்டு. வண்டியைச் சரிபண்ணிக் கொடுத்தோமா, டீயைக் குடித்தோமா என்று இருக்க மாட்டார். கழற்றிய ஃபேன் பெல்ட்டைச் செத்த பாம்பு மாதிரித் தூக்கிப் பிடித்து, "இது மாட்டி எத்தன மாசம்ணே ஆச்சு?" என்று டிரைவரைக் குடைவார். பாலிடெக்னிக்கில் ஒரு வருஷம் படித்துவிட்டு நின்றவர். அந்த ஒரு வருஷம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

அறுந்த பெல்ட், தேய்ந்த பிரேக் ரப்பர், ஒடிந்த ஸ்பிரிங் பட்டை என்று எல்லாவற்றின் ஆயுளும் அவருக்கு மனப்பாடம். எழுபத்தொன்பதாம் வருஷம் ஏலக்காய் சீசன் தொடங்கிய வாரம், டீக்கடையில் கணக்கை அவிழ்த்துவிட்டார்.

"ஒரு சாமான் சீசன் முடியிற வரைக்கும் தாங்க பத்துக்கு ஒம்பது வாய்ப்புன்னு வையி. நல்லாத்தான இருக்கு? ஆனா வண்டியில முக்கியமான எட்டுச் சாமானும் சேந்து தாங்கணும்ல. பத்துல ஒம்பது, அதுலயும் பத்துல ஒம்பதுன்னு போனா, வண்டி தாங்குறது பாதிக்கும் கீழதான்."

"அப்ப நம்ம தவசி ஓட்டுற ஜீப்பு?" என்று கேட்டார் ஒரு டிரைவர்.

"அது பழசு. பத்துக்கு ரெண்டு. ஒண்ணு வளைவுல நிக்கும், இல்ல உருளும்."

கடையே சிரித்தது. பெத்துராஜுக்கு ரெண்டு டீ குடித்த தெம்பு.

மறுநாள் காலையில் சிரிப்பு காலிவண்டியாகப் போனது. மலைத் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களைக் கூட்டிவரும் ஒச்சம்மாள், தவசியின் ஜீப்பில் கால் வைக்கவில்லை. "பத்துக்கு ரெண்டுல எம் பிள்ளைகள ஏத்த மாட்டேன்ப்பா" என்று அடுத்த ஜீப்புக்கு நடந்தாள். தவசி தன் ராசிங்காபுரத்துக் காட்டு நிலத்தை விற்று வாங்கிய வண்டி அது. அந்த வாரம் முழுக்க ஆளே ஏறவில்லை.

தவசி பட்டறைக்கு வந்தான். சண்டை போட்டிருந்தால் தேவலை.

"எந்தச் சாமான மாத்தணும்னு சொல்லு மாப்ளே. மாத்திப்புடுறேன்."

பெத்துராஜ் வண்டிக்கடியில் படுத்துத் தட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். "ஒண்ணும் கெடலயே."

"அப்பறம் ஏன்யா சொன்ன?"

"கணக்கு சொல்லுச்சு."

தவசி வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டு நாள் கழித்து, நின்றுபோன லாரியைப் பார்க்கப் பெத்துராஜ் மலை உச்சியிலிருக்கும் போடிமெட்டுக்குப் போனார். அங்கே வரிசையாக ஜீப்புகள். ஒன்றைக்கூட அவர் பட்டறையில் பார்த்ததில்லை. பால்சாமி என்ற டிரைவரிடம் வழக்கம்போல விசாரித்தார்.

"பெல்ட்டு எப்ப மாத்துனது?"

"வண்டி வாங்குனப்ப இருந்ததுதாண்ணே."

"நம்ம பட்டறைப் பக்கம் வந்ததே இல்லயே?"

"கெட்டாத்தானண்ணே வருவோம்."

பெத்துராஜுக்குக் காது சுட்டது. செத்த சாமானின் வயதை மட்டும் எண்ணியிருக்கிறார். இன்னும் ஓடிக்கொண்டிருப்பது எதுவும் கணக்கில் இல்லை. சுடுகாட்டு வாசலில் உட்கார்ந்து ஊராரின் ஆயுளை எழுதிய மாதிரி. லாரி டிரைவர் ஸ்பேனரை நீட்டியபோது அவர் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டாண்டில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒச்சம்மாளிடம், "ஏங் கணக்கு தப்பு ஆத்தா. ஏறுங்க" என்றார்.

"தவசி அழுதிருப்பான், நீ மனசு எளகிட்ட" என்றாள் ஒச்சம்மாள்.

பெத்துராஜ் தவசியின் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

"தெனம் வருவியா?" என்று கேட்டாள் ஒச்சம்மாள்.

"வர்றேன்."

டீக்கடையில் சிரித்தவர்கள் வேடிக்கை பார்க்க, தினமும் மெட்டுக்குப் போய்த் திரும்பினார். பட்டறை மதியம்தான் திறந்தது. தவசி ஒரு வளைவில்கூட அவரோடு பேசவில்லை. முதல் நாள் வண்டியில் அவர் மட்டும். அப்புறம் ஒச்சம்மாள் மட்டும் ஏறிப் பார்த்தாள். அப்புறம் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

ஒருநாள் கூடைகளோடு பெண்கள் நெருக்கியடித்து ஏற, பெத்துராஜ் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தார். தவசி திரும்பிப் பார்த்து, அத்தனை நாளில் முதல்முறையாக அவரோடு பேசினான்.

"எறங்குய்யா. எடமில்ல."

பெத்துராஜ் வெரசாக இறங்கினார். ஜீப் மேடேறி மறையும்வரை, தலையைத் தூக்காமல் அங்கேயே நின்றார்.