கினு செய்த குற்றம்

நசீம் பானு தமிழாசிரியையாகி இரண்டு மாதமே ஆகியிருந்தது. பூந்தமல்லியிலிருந்து பேருந்தேறிச் சேக்காட்டுத் தனியார் பள்ளிக்கு வருவாள். நேர்காணலில் தாளாளர் மனோகரன், "உங்க கல்விக் கொள்கை என்னம்மா?" என்று வினவியபோது, "மாணவரை மையமாகக் கொண்ட கல்வி" என்று பி.எட். தேர்வில் எழுதியதையே ஒப்பித்தாள். அவரும் தலையசைத்தார். அந்தச் சொற்களால் இருவருக்கும் யாதொரு தொல்லையும் நேரவில்லை.

அவளது மெய்யான கொள்கை பிறந்த இடம் வேறு. ஆறாம் வகுப்பில் "எங்க ஊட்ல" என்று அவள் சொல்லப்போக, ஆசிரியர் உட்பட வகுப்பே கைகொட்டிச் சிரித்தது. தையற்காரர் அன்வர் பாஷாவின் மகளான அவள் அதன்பின் பள்ளி முடியுமட்டும் வகுப்பில் கைதூக்கவில்லை. பழம்பாடல்களைத் தனியே மனனம் செய்தாள். ஐயங்களையும் தனியே விழுங்கினாள். கேட்கும் வாயை அடைப்பதினும் கொடிய பாவம் ஆசிரியத் தொழிலில் உண்டா?

அன்று ஒன்பதாம் வகுப்பில் துணைவினைப் பாடம். 'பார்த்துக்கொண்டு' என்று கரும்பலகையில் எழுதியதும் சௌம்யா எழுந்தாள். பாடியிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவளின் மகள்.

"மிஸ், ஒரு டவுட்டு கீது. நாங்க 'பாத்துகினு'ன்னு சொல்றோமே, அந்த 'கினு' இந்த 'கொண்டு'தானா?"

நசீமுக்கு மெய்சிலிர்த்தது. ஒரு சிறுமி, எந்நூலும் பாராமல், சொல்லின் வேரைத் தொட்டுவிட்டாள்! விடை சொல்ல வாயெடுக்குமுன் தாளாளர் உள்ளே நுழைந்தார். கையில் கயிறு கோத்த அட்டை. அதில், 'இன்று நான் பேசமாட்டேன்.' கொச்சை பேசிய பிள்ளையின் கழுத்தில் மாலைவரை அது தொங்கவேண்டும் என்பது அப்பள்ளியின் வழக்கம்.

"கீதாம், கினுவாம்! இன்னாமா இது, ஸ்கூலா, மார்க்கெட்டா?"

"மச்சான், சாருக்கும் ஒரு அட்டை பார்சல்!" என்று அவருடைய 'இன்னாமா'வைப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரிப்பை மென்றது.

நசீமுக்குச் சிரிப்பு வரவில்லை. அறியாமையே அறிவுக்குத் தண்டனை விதிப்பதா? அட்டையை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அவ கேட்டது இலக்கணம் சார். என் வகுப்புல இதை யார் கழுத்துலயும் மாட்டவிடமாட்டேன்."

"அடுத்த மாசம் உங்க வேலையை நிரந்தரம் பண்ணணும். யோசிச்சுப் பேசுங்கம்மா."

"யோசிச்சுட்டேன் சார். இன்டர்வியூல சொன்னது ஒப்பிச்சது. பிள்ளை எந்தச் சொல்லால கேட்டாலும் முதல்ல பதில், அப்புறம்தான் திருத்தம். என் கொள்கை இதுதான்."

"ஆபீசுக்கு வாங்க!" என்று சொல்லி அவர் போய்விட்டார்.

"உன் கேள்விக்கு வருவோம்மா" என்றாள் நசீம். சௌம்யா தலை நிமிரவில்லை.

"ஒண்ணுமில்ல மிஸ். வுடுங்க."

தாளாளரின் மிரட்டலைவிட அந்த 'வுடுங்க' நசீமைச் சுட்டது. இதைத்தானே அந்த அட்டை விரும்பிற்று!

"விடமாட்டேன். நீ சொன்னது சரி. ரெண்டும் ஒரே சொல்தான். பேசிப் பேசித் தேஞ்சு 'கினு' ஆயிடுச்சு. பரீட்சையில 'கொண்டு'ன்னு எழுது. அம்மாகிட்ட உன் இஷ்டம்போல பேசு. ரெண்டுமே உன்னோடதுதான்."

வாசலில் ஆயா வந்து நின்று, "சார் உடனே கூப்புடுறாரு மிஸ்" என்றாள். அப்போதுதான் சௌம்யா மெல்ல நிமிர்ந்தாள்.

"அப்போ 'கீது' எதுலேர்ந்து வந்துச்சு மிஸ்?"

நசீம் ஆயாவின் பக்கம் திரும்பவில்லை. சாக்பீஸைச் சௌம்யாவிடம் நீட்டினாள்.

"வா. 'இருக்கிறது'ன்னு எழுது. எந்த எழுத்து எங்கே தேஞ்சதுன்னு நீயே பாரு."